அம்மன் கசத்தில் விழுந்த வலை

ஆனி 14

எங்கள் அம்மன் கசத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தியை விட்டுவிட்டார்கள். தூவலாற்றுக்கு இதைவிடப் பெரிய அநியாயத்தை யாரும் செய்ததில்லை. தோட்டா போட்டு மீன் பிடித்தவர்கள் உண்டு. மணலை வழித்து எடுத்தவர்கள் உண்டு. அவர்கள் எல்லோரும் அருவிக்குக் கீழேதான் கைவைத்தார்கள். இது அருவிக்கு மேலே நடந்திருக்கிறது.

காலையில் பொரி போடப் போனேன். வரைக்கெண்டைகள் வழக்கம்போல் கூட்டமாக மேலே வரவில்லை. பெரியவை சில வந்து கவ்விக்கொண்டு உடனே ஆழத்துக்குப் போய்விட்டன. பிறகு அடியிலிருந்து கறுப்பாக ஒன்று எழும்பியது. மண்வெட்டி போலத் தட்டையான தலை, சுற்றிலும் மீசை. வாயை நீருக்கு வெளியே நீட்டிக் காற்றைக் குடித்துவிட்டு இறங்கியது. ஒரு சாணுக்கு மேல் நீளம் இருக்கும்.

வரைக்கெண்டை இந்த ஆற்றைத் தவிர வேறெங்கும் கிடையாது. இந்த ஆற்றிலும் இப்போது இந்த ஒரு கசத்தில்தான் மிச்சம் இருக்கிறது. செம்பருத்தி நிறத்தில் வால், கண்ணுக்குப் பின்னால் ஒரு கறுப்புப் பொட்டு. கோயிலடியில் ஆறு ஆழமாகத் தேங்கி நிற்கும் இந்தக் கசத்தில் யாரும் வலை போடக் கூடாது, தூண்டில் போடக் கூடாது என்பது ஊர்க் கட்டுப்பாடு. அதை நாற்பது வருஷமாகக் காப்பாற்றி வருகிறவன் நான். கெளுத்தி தானாக இங்கே வந்திருக்க முடியாது. முறப்பாறை அருவி இரண்டு பனை உயரத்துக்கு நட்டமாக விழுகிறது. அதில் எந்த மீனும் ஏறாது.

இந்தச் சுற்றுவட்டாரத்தில் ஆப்பிரிக்கக் கெளுத்தி வளர்ப்பவன் ஒருவன்தான். அருவிக்குக் கீழே பண்ணை வைத்திருக்கும் குத்தாலிங்கம். அரசாங்கம் தடை செய்த மீனைக் கோழிக் கழிவு போட்டு வளர்க்கிறான்.

நாளைக்கு விசாரணை என்று வந்தால் தேதிவாரியாகச் சொல்ல வேண்டும். அதற்காக இன்று முதல் எழுதுகிறேன். மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன், சைக்கிள் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டே நூலகத்துப் புத்தகங்களைப் படித்தவன். என் எழுத்தில் பொய் இருக்காது.

ஆனி 16

ஓடு மாற்றினேன். சாரல் அடுப்படிக்குள் வருகிறது.

பூசாரி மாடக்கண்ணு சாயங்காலம் வந்தான்.

“அண்ணாச்சி, கெளுத்தி ஒண்ணு மட்டும் இல்ல. நேத்து விளக்கு வைக்கப் போகையில மூணு தலையப் பாத்தேன்.”

“ஒரே மீனு மூணு தடவ வந்திருக்கும்.”

“ஒரே நேரத்துலல்லா வந்துது. எனக்கு என்னமோ சித்திரையில...” என்று இழுத்தான்.

சித்திரையைப் பற்றி இப்போது என்ன பேச்சு என்று கேட்டேன். காபியைக் குடித்துவிட்டுப் போய்விட்டான்.

ஆனி 20

மீன்வளக் கல்லூரியில் பாடம் நடத்தும் பியூலா வந்தாள். நான் கூப்பிடவில்லை. என் மனைவி உலகம்மாள் எனக்குத் தெரியாமல் போன் செய்திருக்கிறாள்.

பியூலாவோடு நான் பேசுவதை நிறுத்தி ஒரு வருஷம் ஆகிறது. வரைக்கெண்டை தனி இனம் என்று செதிலை எண்ணி, ரத்தத்தைச் சோதித்து நிரூபித்தது அவள்தான். அதை நான் மறுக்கவில்லை. ஆனால் பத்திரிகையில் செய்தி வந்தபோது, நான் உட்காரும் பாறையில் அவள் உட்கார்ந்திருக்கும் படம் வந்தது. கீழே, ‘உள்ளூர்வாசிகளும் இந்த மீனைப் பாதுகாத்து வருகின்றனர்’ என்று ஒரு வரி. நாற்பது வருஷம் காவல் காத்தவனுக்குப் பெயர் உள்ளூர்வாசி. நான் எழுதினது இல்லை ஐயா, பத்திரிகைக்காரங்க எழுதினது என்றாள். அது எனக்குத் தேவையில்லாத விளக்கம்.

இன்று கசத்தைப் பார்த்துவிட்டு வந்து வாசலிலேயே நின்றாள். உலகம்மாள்தான் நாற்காலி போட்டாள்.

“ஐயா, இது எப்படி வந்துதுன்னு தெரிஞ்சாத்தான் எடுக்க முடியும். வேற ஏதாவது வழியா ஏறி வந்திருந்தா, நாம பிடிக்கப் பிடிக்க வந்துக்கிட்டே இருக்கும். மொதல்ல வழிய அடைக்கணும். யாராவது கொண்டுவந்து விட்டிருந்தா, எப்போ விட்டாங்க, எவ்வளவு விட்டாங்கன்னு தெரியணும். அப்ப உடனே வலையப் போட்டு எடுத்திரலாம்.”

“குத்தாலிங்கம் விட்டிருக்கான்.”

“நீங்க பாத்தீங்களா?”

“பாக்கணுமா? அவன்கிட்டதான இருக்கு அந்த மீனு?”

“அவர் எதுக்கு ஐயா இங்க கொண்டுவந்து விடணும்? விக்கிற மீன யாராவது ஆத்துல விடுவாங்களா?”

“என்மேல உள்ள காந்தல்.”

பிறகு, “சித்திரையில மீனேத்தம் நடந்துதா?” என்று கேட்டாள்.

நடந்தது என்றேன். மழைக்காலத்தில் அருவியில் தவறி விழும் வரைக்கெண்டைக் குஞ்சுகளால் திரும்ப மேலே ஏற முடியாது. கோடையில் கீழே குட்டைகள் வற்றும்போது ஊர்க்காரர்கள் நாங்கள் அவற்றைக் குடத்தில் அள்ளி, மலைப்படி ஏறிக் கசத்தில் கொண்டுபோய் விடுவோம். அதுதான் மீனேற்றம். ஊர் மறந்துபோன வழக்கம். மறுபடி தொடங்கி வைத்தவன் நான்.

“வரைக்கெண்டைக் குஞ்சு மட்டும்தான ஐயா?”

என் தகுதி தெரியாமல் கேட்கிற கேள்வி. ஆமாம் என்றேன்.

உலகம்மாள் அடுப்படிக்குள் எழுந்து போய்விட்டாள். காபி வர வெகுநேரமாயிற்று.

எதற்கும் இருக்கட்டும், கொஞ்சம் வரைக்கெண்டைகளைக் கல்லூரித் தொட்டியில் வைத்து வளர்க்கலாமா என்று போகும்போது கேட்டாள். அம்மன் மீனைத் தொட்டியில் அடைக்கச் சம்மதிக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

ஆனி 27

கோயில் முன்னால் ஊர்க்கூட்டம். கோயில் தலைவர் என்கிற முறையில் நான்தான் பேசினேன். குத்தாலிங்கம் வரவில்லை. சந்தைக்கு மீன் ஏற்றிப் போயிருந்தான். அவன் இல்லாதபோது பேசலாமா என்று ஒருவர் கேட்டார். அவன் மீன் இருக்கிறதே, அது போதாதா என்றேன். எல்லோரும் சிரித்தார்கள்.

ஆடியில் வரும் கொடைத் திருவிழாவுக்கு அவன் வீட்டு வரியை வாங்குவதில்லை என்று முடிவாயிற்று. வரி வாங்காத வீடு ஊரில் இல்லாத வீடு. பொங்கல் வைக்க முடியாது, பொரி போட முடியாது, திருநீறு கிடையாது.

கை தூக்காமல் இருந்தவன் மாடக்கண்ணு ஒருவன்தான். பூசாரி எந்தப் பக்கமும் சேரக் கூடாது என்றான்.

ஆடி 3

முழங்கால் வலி. கசத்துக்குப் போகவில்லை.

ஆடி 4

போகவில்லை.

ஆடி 11

கொடை முடிந்தது. கூட்டம் சுமார். சமையல் வாயு தீர்ந்து உலகம்மாள் விறகில் சமைத்தாள்.

குத்தாலிங்கத்தின் மகள் அனுசுயா பொரித் தட்டோடு வந்தாள். கல்யாணமாகிக் கடையநல்லூரில் இருக்கிறாள். மாசமாக இருக்கிறாள். ஊர் முடிவு அவளுக்குத் தெரிந்திருக்காது. படிக்கட்டின் உச்சியில் நான் நின்றுகொண்டிருந்தேன். நில் என்றேன்.

“நான் என்ன பெரியப்பா செஞ்சேன்?”

“உங்க அப்பாட்ட கேளு.”

“அப்பா செஞ்சிருந்தா அப்பாவ நிறுத்துங்க. இது என் பிள்ளைக்கு நேந்துக்கிட்டது.”

ஊர் முடிவு என்றேன். தட்டை அங்கேயே பாறையில் வைத்துவிட்டுப் படி இறங்கினாள். மெதுவாகத்தான் இறங்க முடிந்தது. இறங்கி முடிக்கும்வரை எல்லோரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பொரியைக் காக்கை தின்றது.

ஆடி 12

குத்தாலிங்கம் என் வீட்டு வாசலுக்கு வந்து சத்தம் போட்டான். தெருவே கூடிவிட்டது. வாய்க்கு வந்தபடி பேசினான். எழுதும் தகுதியுள்ள பேச்சு அல்ல.

ஆடி 13

தேதிவாரியாக எழுதுவதாகச் சொல்லி ஆரம்பித்ததால் நேற்று அவன் பேசியதையும் எழுதுகிறேன்.

“தடை செஞ்ச மீன வளக்கேன். ஒத்துக்கிடுதேன். போலீஸக் கூப்பிடும், போறேன். ஆனா எம் மீனுக்கு றெக்க மொளச்சா அருவி ஏறிச்சு? சொல்லும்வே!”

“நீதான் கொண்டுவந்து விட்ட.”

“நானா? தை மாசம் மழையில என் பண்ணக் கரை ஒடஞ்சி குஞ்செல்லாம் கீழக் குட்டையில போய்க் கெடந்துது. சித்திரையில அந்தக் குட்டையில குடத்த முக்கினது யாரு? நான் வரப்புல நின்னு பாத்துக்கிட்டுத்தான் இருந்தேன். ‘அண்ணாச்சி, அதுல...’ன்னு வாயத் தொறந்தேன். ‘சாமி காரியத்துல கவுச்சிக்காரன் பேசாத’ன்னு சொன்னது யாரு? சரி, போங்கன்னு விட்டேன். அது என் தப்பு. அத வேணும்னா எழுதிக்கிடும். ஆனா எம் மகள எல்லாரு முன்னாலயும் படியெறக்கினீரே!”

வெளியே போடா என்றேன். அவன் வெளியேதான் நின்றுகொண்டிருந்தான்.

தெருக்காரர்கள் அவன் சொன்னதை நம்பவில்லை. மாட்டிக்கொண்டவன் ஏதாவது சொல்லத்தான் செய்வான் என்று அவர்களே சொன்னார்கள். நான் ஒன்றும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

ஆடி 18

பதினெட்டாம் பெருக்கு. பெண்கள் எல்லோரும் ஆற்றுக்குப் போனார்கள். உலகம்மாள் போகவில்லை. ஏன் என்று கேட்டேன்.

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டுப் போக? நானுந்தான குடம் சொமந்தேன்.”

“என்ன சொல்லுத?”

“அன்னைக்கே சொன்னேன். நாட்டுக் கெளுத்தின்னா கையில எடுத்த ஒடனே முள்ளப் போட்டுரும். இது ஒண்ணுகூட குத்தலியேன்னு சொன்னேன். குஞ்சுக்கு முள்ளு முத்தலன்னீங்க. மாடக்கண்ணு தலையப் பாரு அண்ணாச்சின்னான். உனக்கு மணியாட்டத் தெரியும், மீனு எனக்குத் தெரியும்னீங்க. அந்தப் பிள்ள பியூலா அதுக்கு முந்தின வாரமே போன் போட்டு, இந்த வருசம் கரையெல்லாம் ஒடஞ்சிருக்கு, நான் வந்து பாத்தப்பொறவு ஏத்துங்கன்னு சொன்னா. போனு என் கையிலதான் இருந்துது. உங்ககிட்ட சொன்னேன். ‘உள்ளூர்வாசிக்கு உத்தரவு போடுதாளோ’ன்னீங்க.”

அதற்குமேல் அவள் பேசியதை எழுத வேண்டியதில்லை. வேறு எவளும் என்னிடம் இப்படிப் பேசியதில்லை. இதற்கு முன் அவளும் பேசியதில்லை.

ஆடி 29

வீட்டுத் தீர்வை கட்டினேன். கசத்துக்குப் போனேன். பாறையில் உட்காரவில்லை, நின்றுகொண்டே பார்த்தேன். பொரி போட்டதும் முதலில் கறுப்பு. பிறகு கறுப்பு. சிவப்பு வால் வரவே இல்லை.

ஆவணி 6

பியூலாவும் அவளோடு வந்தவர்களும் இத்தனை நாளாகக் காட்டுக்குள் அலைந்து ஒரு வழியைக் கண்டுபிடித்திருக்கிறார்கள். அருவிக்கு மேலே பிரிந்து வயலுக்கு வரும் மலைக்கால். அந்த வாய்க்கால் வழியாக ஈரத்தில் ஊர்ந்து கெளுத்தி ஏறியிருக்கலாம் என்று நினைக்கிறார்கள். வேறு வழியே இல்லை என்கிறார்கள். யாரும் கொண்டுவந்து விட்டதற்குச் சாட்சி இல்லையே என்று என்னைப் பார்த்தாள். கோழியை எவன் தின்றான் என்பது தெரியாது, கூட்டில் கோழி இல்லை என்பது தெரியும் என்றேன். எதற்கு அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை.

மலைக்காலை அடைத்துச் சோதிக்கப் போகிறார்கள். அடைத்த பிறகுதான் மீன் எடுக்கும் வேலையாம். கார் நெல் பால் பிடிக்கிற நேரம் இது.

ஆவணி 9

வாய்க்காலை அடைத்துவிட்டார்கள். செல்லத்தாய் வந்து சண்டை போட்டாள். அவளுக்குக் கடைமடையில் ஒரே ஒரு வயல். கணவன் இல்லாமல் விவசாயம் பார்க்கிறவள்.

“அண்ணாச்சி, நீங்க சொன்னா கேப்பாங்க. பத்து நாளுத் தண்ணிதான் கேக்கேன்.”

மீனுக்காகப் பொறுத்துக்கொள் என்றேன்.

“சரி, அம்மன் மீனு. நீங்க சொன்னா சரிதான்” என்று போய்விட்டாள்.

ஆவணி 17

மழை இல்லை. உலகம்மாள் சோற்றை வைத்துவிட்டு அடுத்த அறைக்குப் போய்விடுகிறாள்.

ஆவணி 24

பியூலா தண்ணீருக்குள் கேமராவை இறக்கிப் பார்த்தாள். பாறையில் உட்கார்ந்து சின்னத் திரையில் எனக்கும் காட்டினாள். பெரிய வரைக்கெண்டைகள் ஒரு பாறை இடுக்கில் நெருக்கியடித்து நின்றன. ஒன்றின் வால் பாதிதான் இருந்தது. மண்தரையில் கெளுத்திகள் படுத்திருந்தன.

“குஞ்சு எங்க?” என்று கேட்டேன்.

“இந்த வருசக் குஞ்சு ஒண்ணுகூட இல்ல ஐயா. போன வருசத்துதும் இல்ல. இப்ப இருக்கிற கெழடுங்க மட்டும்தான். ஐப்பசி மழையில கெளுத்தி முட்ட போட்டுட்டா அதோட முடிஞ்சுது.”

“இப்பவே வலையப் போட்டா?”

“எந்த வழியா வருதுன்னு தெரியாம எத்தன தடவ போட முடியும்? அனுமதி ஒரு தடவதான் குடுப்பாங்க. அதான் மொதல்ல அடப்புச் சோதனைய முடிக்கணும். இன்னும் ஒரு மாசமாவது ஆகும்.”

ஒரு மாசம் என்றால் ஐப்பசி நெருங்கிவிடும். நான் அவள் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தேன். வாயைத் திறந்தால் சொல்லிவிடக்கூடிய தூரம். வெயில் ஏறுகிறது என்று சொல்லிவிட்டு எழுந்து வந்தேன்.

புரட்டாசி 1

செல்லத்தாய் வயல் சாவியாகிவிட்டது. வழியில் பார்த்தேன். கதிர்கள் எல்லாம் நிமிர்ந்து நிற்கின்றன. மணி இருந்தால் தலை சாயும்.

புரட்டாசி 2

சித்திரையில் நடந்தது இது.

கீழக் குட்டையில் வரைக்கெண்டைக் குஞ்சு அதிகம் இல்லை. ஒரு குடத்துக்குக்கூடத் தேறவில்லை. கூட வந்தவர்கள், இதற்காகவா இத்தனை பேரைக் கூட்டினீர்கள் என்பதுபோல் நின்றார்கள். அந்த வருஷம் மீனேற்றம் பெரிதாக நடக்க வேண்டும் என்று எனக்கு இருந்தது. பத்திரிகைக்காரன் ஒருவனுக்கும் சொல்லி அனுப்பியிருந்தேன். அவன் வரவில்லை. சேற்றில் மீசைக் குஞ்சுகள் நெளிந்தன. நாட்டுக் கெளுத்தி, அதுவும் நம் ஆற்று உயிர்தானே, அள்ளுங்கள் என்றேன். தலை தட்டையாக இருப்பதை நானும் பார்த்தேன். ஒரு கணம் சந்தேகம் வந்தது. இரண்டு பேர் சொன்ன பிறகு அந்தச் சந்தேகத்தை ஒத்துக்கொள்வது எனக்கு முடியாமல் போயிற்று. குடங்கள் நிறைந்தன. முன்னால் நடந்தவன் நான். முதல் குடத்தைக் கசத்தில் கவிழ்த்தவனும் நான்.

ஆனி 14ஆம் தேதி அந்தத் தலை மேலே வந்தபோதே எனக்குத் தெரியும். விட்டுவிட்டார்கள் என்று எழுதினேன்.

புரட்டாசி 3

கல்லூரிக்குப் பேருந்தில் போனேன். பியூலாவிடம் சொன்னேன்.

திட்டுவாள் என்று நினைத்தேன். திட்டியிருக்கலாம். அவள் பேனாவை எடுத்தாள்.

“எத்தன குடம் ஐயா?”

சொன்னேன்.

“ஒரு குடத்துல மொத்தம் எவ்வளவு இருக்கும்? குஞ்சு எவ்வளவு நீளம்? அன்னைக்கு மட்டுந்தானா, மறுநாளும் போனீங்களா?”

“அன்னைக்கு மட்டுந்தான்.”

“அப்ப வாய்க்கால் வழியா ஒண்ணும் வரல. இருக்கிறது அவ்வளவுதான். இன்னும் முட்ட போடுற வயசு வரல. இப்ப எடுத்தா எடுத்திரலாம்.” அவளுடைய முகத்தில் சந்தோஷம்தான் வந்தது. அதைப் பார்க்க முடியவில்லை. பிறகு பேனாவை மூடிக்கொண்டு, “ஆனியில கேட்டப்பவே சொல்லியிருக்கலாம் ஐயா” என்றாள்.

பேருந்து நிறுத்தம்வரை கூட வந்தாள். நடக்கிற வழியெல்லாம் நான் அவளுக்குப் பின்னால்தான் நடந்தேன்.

புரட்டாசி 5

மலைக்காலைத் திறந்துவிட்டார்கள். தண்ணீர் வந்தது. நெல்லுக்கு இனி அது வேண்டாம். ஏன் திறந்தார்கள் என்று ஊருக்கு இன்னும் தெரியாது.

புரட்டாசி 9

அனுமதி வந்துவிட்டது. காலையில் பியூலாவும் அவளுடைய மாணவர்களும் வலையோடு வந்தார்கள். நான் போவதற்குள் படிக்கட்டில் ஊர் நின்றுகொண்டிருந்தது. முன்னால் செல்லத்தாய்.

“அம்மன் கசத்துல வலையா? யாரு சொன்னா?”

“அரசாங்க அனுமதி இருக்கும்மா,” என்றாள் பியூலா.

“அரசாங்கமா எங்கள காக்கு? அம்மன்தான் காத்துக்கிட்டு இருக்கா. இதுல வலை விழுந்தா ஊரு அழிஞ்சி போவும். கோமதிநாயகம் அண்ணாச்சி சொல்லிச் சொல்லி வளத்திருக்காவ எங்கள. அந்தா வராவள்லா, அவியள்ட்ட கேளு.”

எல்லோரும் திரும்பினார்கள். வழிவிட்டார்கள். நான் வலையைத் தடுப்பேன் என்று நினைத்து வழிவிட்டார்கள்.

“வலைய விடுங்க,” என்றேன்.

“என்ன அண்ணாச்சி சொல்லுதீய?”

“அந்தக் கெளுத்திய இங்க கொண்டுவந்து விட்டது குத்தாலிங்கம் இல்ல. நான். சித்திரையில என் குடத்துல வந்தது. மாடக்கண்ணு வேண்டாம்னான், என் வீட்டுக்காரி வேண்டாம்னா, நான் கேக்கல. பொறவு தெரிஞ்சும் சொல்லல.”

பின்னாலிருந்து யாரோ, “அப்ப அவன் வாசல்ல நின்னு கத்தினது நெசந்தானா?” என்று கேட்டார்கள். நெசம் என்றேன்.

செல்லத்தாய் என் முன்னால் வந்து நின்றாள்.

“வாய்க்கால அடச்சது?”

“அதுவும் என்னாலதான்.”

“மீனுக்காகப் பொறுத்துக்கோன்னு எம் மூஞ்சியப் பாத்துல்லா சொன்ன. எம் வயலு சாவியாப் போச்சே, கோமதிநாயகம்!”

இந்த ஊரில் என்னைவிட இளையவர்கள் யாரும் இதுவரை என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. அவள் படியிலிருந்து விலகினாள். அவள் விலகியதும் மற்றவர்களும் விலகினார்கள்.

மாடக்கண்ணு மணியை எடுத்தான். “அம்மன்ட்ட நான் சொல்லிக்கிடுதேன். கோயில் மீன எடுக்கல, கோயில்ல பூந்த திருடனப் பிடிக்கோம்னு சொல்லுதேன். போடுங்கம்மா வலைய.”

கயிற்றின் ஒரு முனையைப் பிடிக்க ஆள் போதவில்லை. நான் பிடிக்கலாமா என்று கேட்டேன்.

“கரையில ஆளு வேணும் ஐயா, பிடிங்க,” என்றாள் பியூலா.

நாற்பது வருஷம் எதை விழவிடாமல் காத்தேனோ அது என் கையிலிருந்தே இறங்கியது.

புரட்டாசி 12

வலையில் பாதிதான் சிக்கியது. மிச்சம் பாறை அடியில் போய்ப் புகுந்துகொண்டது. பியூலாவின் மாணவர்கள் இரண்டு நாளாக முங்கி முங்கிப் பார்த்தார்கள். சலித்துப்போனார்கள். நேற்றுக் குத்தாலிங்கம் படியேறி வந்தான். யாரும் கூப்பிடவில்லை. ஒரு வாளி நிறையக் கோழிக் குடல்.

“இத மூட்டையாக் கட்டி ஓரத்துல தொங்க விடுங்க. வலைய அடியில விரிச்சி வச்சிட்டுப் பேசாம இருங்க. தானா வரும். நான் வளத்த கழுதய, எனக்குத் தெரியாதா?”

வந்தன. ஒவ்வொன்றாக வந்தன. அவன் என் பக்கம் திரும்பவில்லை.

இன்று பெரியது ஒன்றை அறுத்துப் பார்த்தார்கள். வயிற்றுக்குள் ஒரு சிவப்பு வால், பாதி கரைந்து. மாணவர்கள் சுற்றி நின்று படமெடுத்தார்கள். உலகம்மாளும் வந்திருந்தாள். பார்த்துவிட்டு முந்தானையால் வாயை மூடிக்கொண்டாள்.

சாயங்காலம் குத்தாலிங்கம் வீட்டுக்குப் போனேன். கொடை வரியைக் கேட்டேன். அவன் உள்ளேயே இருந்தான். பிரசவத்துக்கு வந்திருந்த அனுசுயாதான் எடுத்துவந்து நீட்டினாள். ஊருக்கு இருக்கட்டும் என்று சொல்லி நீட்டினாள். உங்களுக்கு இல்லை என்பதை அவள் சொல்லவில்லை. இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டேன். என்னை உட்காரச் சொல்லவில்லை.

புரட்டாசி 19

ஐந்து நாளாகக் குடலுக்கு எதுவும் வரவில்லை. நான் சொன்ன கணக்குக்கும் பிடித்த கணக்குக்கும் இன்னும் கொஞ்சம் இடிக்கிறது. பிடிபடாமல் இருக்கிறதா, செத்துப்போயிற்றா, என் கணக்கே தப்பா, தெரியவில்லை. வரைக்கெண்டையில் பெரியவை மட்டும், அதுவும் கொஞ்சம். அவை அடுத்த ஆடியில் குஞ்சு பொரிக்குமா என்று பியூலாவிடம் கேட்டேன். பாப்போம் ஐயா என்றாள்.

இனிச் செய்ய வேண்டியவற்றை எழுதுகிறேன்.

மாடக்கண்ணு தினமும் காலையில் கசத்தைப் பார்க்க வேண்டும். காற்றுக் குடிக்க வரும் தலை ஒன்றைக் கண்டாலும் அப்போதே பியூலாவுக்குப் போன் செய்ய வேண்டும். என்னைக் கேட்டுக்கொண்டிருக்கக் கூடாது.

குத்தாலிங்கம் ஐப்பசி மழைக்கு முன்னால் பண்ணைக் குளங்களை வற்றவைத்துச் சுண்ணாம்பு போட வேண்டும். போடுகிறேன் என்று மாடக்கண்ணுவிடம் சொல்லியிருக்கிறான். கீழக் குட்டையையும் அவனே சுத்தம் செய்வான்.

பியூலா சில வரைக்கெண்டைகளைக் கல்லூரித் தொட்டிக்குக் கொண்டுபோக வேண்டும். ஊர் சம்மதிக்காவிட்டால் கேட்டுச் சம்மதம் வாங்க வேண்டியது மாடக்கண்ணு. நான் கேட்டால் காரியம் கெட்டுப்போகும்.

ஊர் வேறு கோயில் தலைவரைப் பார்க்க வேண்டும். கோயில் சாவியை உலகம்மாளிடம் கொடுத்திருக்கிறேன். அவள் கொண்டுபோய்க் கொடுப்பாள்.

செல்லத்தாய்க்கு அடுத்த போகமான பிசான நடவுக்கு விதைநெல்லும் உழவுச் செலவும் நான் கொடுக்க வேண்டும். நேற்றுக் கொண்டுபோனேன். கதவைச் சாத்திவிட்டாள். நாளைக்கும் போக வேண்டும்.

சித்திரையில் மீனேற்றம் நிற்கக் கூடாது. குஞ்சுகள் அருவியில் விழத்தான் செய்யும், அவற்றை யாராவது ஏற்றித்தான் ஆக வேண்டும். இளவட்டங்கள் அள்ளட்டும், பியூலா பார்த்துக் கழிக்கட்டும், மாடக்கண்ணு முன்னால் நடக்கட்டும். நான் கடைசியில் நடக்க வேண்டும். யாராவது குடத்தைச் சாய்த்துக் காட்டி இது என்ன மீன் என்று கேட்டால், எனக்குத் தெரியாது, அந்தப் பிள்ளையிடம் காட்டு என்று சொல்ல வேண்டும். தெரிந்தாலும் அப்படித்தான் சொல்ல வேண்டும்.